நைல் கரை மொழிகளும் தமிழின் உறவுத் தேடலும்

ஆப்பிரிக்காவில் தமிழுக்குச் சொந்தம் உண்டா? தமிழ்நாட்டில் இந்தக் கேள்வி அரை நூற்றாண்டாக உயிரோடு இருக்கிறது. மேடையிலும் வகுப்பறையிலும் அது எழுந்தால் விடையும் உடனே வந்துவிடுகிறது: உண்டு, நிறம் சாட்சி, சொற்கள் சாட்சி, மாடு வளர்ப்பு சாட்சி. அந்த விடையை நைல் ஆற்றங்கரையில் வைத்துச் சோதித்துப் பார்க்க விரும்புகிறேன். ஆற்று வெள்ளமும் கால்நடையுமே வாழ்வாகக் கொண்ட நைலோத்திய மக்கள் அங்கே இருக்கிறார்கள். ஆறும் மாடும் நெல்லுமாக வாழ்கிற காவிரிப் படுகைக்காரருக்கு அவர்களைப் பற்றிக் கேட்கும்போது மனம் தானாக நெருங்கும். அந்த நெருக்கத்தை மொழி உறவு என்று எடுத்துக்கொள்ளலாமா என்பதுதான் விசாரிக்க வேண்டியது.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நைலோத்திய மொழிகளுக்கும் திராவிட மொழிகளுக்கும் குடும்ப உறவு இருப்பதாக இதுவரை யாரும் நிறுவவில்லை. இந்தத் தேடலில் நாம் இழந்த ஒன்றும் உண்டு. ஆப்பிரிக்க மொழிகளில் நம் முகத்தையே தேடிக்கொண்டிருந்ததால், அந்த மொழிகளின் முகத்தை நாம் பார்க்கவே இல்லை.

திருப்பனந்தாளில் இருந்துகொண்டு இதை எழுதுவதற்கு ஒரு நியாயம் இருக்கிறது. இங்குள்ள காசித் திருமடம் குமரகுருபரர் வழியில் வந்தது. அவர் காசிக்குப் போய், அங்கே பேசப்பட்ட இந்துஸ்தானியைக் கற்றுக்கொண்டு அந்த ஊராரோடு பேசினார் என்பது மடத்தின் மரபு. பிற்காலத்தில் இதே மடம் வித்துவான் தேர்வில் மாகாணத்திலேயே முதலாவதாகத் தேறுபவருக்கு ஆயிரம் ரூபாய்ப் பரிசு கொடுத்துவந்தது. 1935இல் அதைப் பெற்றவர் மு. வரதராசன். மொழி என்பது எப்படிப் பிறக்கிறது, எப்படி மாறுகிறது, எப்படிக் கிளைக்கிறது என்பதைப் பொதுவாசகருக்குத் தமிழில் எளிமையாக எழுதிக்காட்டியவர்களில் அவர் முக்கியமானவர். பிறமொழியை அதன் இடத்துக்கே போய்க் கற்பது, மொழியை முறையாக ஆராய்வது என்ற இரண்டுக்கும் இந்த ஊரில் வேர் உண்டு. ஆப்பிரிக்க உறவுக் கேள்விக்கு இந்த இரண்டும்தான் தேவை.

யார் இவர்கள்

நைலோத்தியர் என்ற பெயர் புதிதாக இருந்தாலும், அவர்களில் சிலர் நமக்கு நன்றாகத் தெரிந்தவர்கள். அமெரிக்க அதிபராக இருந்த பராக் ஒபாமாவின் தந்தை கென்யாவின் லுவோ இனத்தவர். மாரத்தான் வீரர் எலியூட் கிப்சோகே நந்தி வகுப்பைச் சேர்ந்தவர். நந்தியர் கலெஞ்சின் என்ற பெரும்பிரிவுக்குள் வருகிறார்கள். 1968 மெக்சிகோ ஒலிம்பிக்கில் 1,500 மீட்டர் ஓட்டத்தில் தங்கம் வென்ற கிப் கெய்னோவும் கலெஞ்சின்தான். தெற்கு சூடான் விடுதலைப் போரை நடத்திய ஜான் கராங் டிங்கா இனத்தவர். சிவப்பு ஆடையும் ஈட்டியுமாகச் சுற்றுலா விளம்பரங்களில் நிறுத்தப்படும் மாசாய்களும் நைலோத்தியர்களே.

தெற்கு சூடானிலிருந்து எத்தியோப்பியாவின் மேற்கு ஓரம், உகாண்டா, கென்யா வழியாகத் தான்சானியா வரை இவர்கள் பரவியிருக்கிறார்கள். மொழியை வைத்து மூன்று கிளைகளாகப் பிரிப்பது வழக்கம். டிங்கா, நுவேர், சில்லுக், அனுவாக், அச்சோலி, லுவோ ஆகியவை மேற்குக் கிளை. பாரி, லொதுகோ, துர்கானா, கரமோஜோங், தேசோ, மாசாய் ஆகியவை கிழக்குக் கிளை. நந்தி, கிப்சிகிஸ் முதலான கலெஞ்சின் மொழிகளும் தான்சானியாவின் ததோகாவும் தெற்குக் கிளை. கென்யாவின் 2019 மக்கள்தொகைக் கணக்குப்படி அந்நாட்டில் மட்டும் கலெஞ்சின் மக்கள் 63 லட்சத்துக்கும் மேல், லுவோ மக்கள் 50 லட்சத்துக்கும் மேல், மாசாய்கள் ஏறக்குறைய 12 லட்சம். சிறு குடிகள் என்று ஒதுக்கிவிடும் அளவல்ல இது.

அவர்களுடைய பெயர் வைக்கும் முறையே ஒரு சிறு இலக்கணம். லுவோ மொழியில் இரவில் பிறந்த ஆண் ஒதியேனோ, பெண் அதியேனோ. மழையில் பிறந்தவன் ஒகோத், பிறந்தவள் அகோத். கலெஞ்சினில் ஆண் பெயருக்கு முன்னால் 'கிப்' வரும். கிப்ரோப் மழை நேரத்தில் பிறந்தவன், கிப்கோயெச் விடியலில் பிறந்தவன். ஓட்டப் பந்தயச் செய்திகளில் அடுத்தடுத்து வரும் 'கிப்' பெயர்கள் ஒரே குடும்பத்தவரைக் குறிப்பவை அல்ல.

இந்தியருக்கும் இவர்களுக்கும் நேரடித் தொடர்பு ஏற்பட்டது இரும்புப் பாதையால். 1896இல் மொம்பாசாவில் தொடங்கிய உகாண்டா ரயில்பாதை வேலைக்கு ஆங்கிலேயர் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட இந்தியத் தொழிலாளர்களைக் கப்பலேற்றினார்கள்; பெரும்பாலோர் பஞ்சாபிகள். 1901 டிசம்பரில் அந்தப் பாதை லுவோ நாட்டின் விக்டோரியா ஏரிக்கரையை எட்டியது. இடையில் இருந்த நந்தி மேட்டுநிலம் எதிர்த்து நின்றது. பதினோரு ஆண்டுகள் நீண்ட அந்த எதிர்ப்பை நடத்திய கொய்தாலெல் அரப் சமோயெய் 1905இல் சுட்டுக் கொல்லப்பட்டார். ஒரே பேரரசின் கீழ் இருந்த இரு மக்கள் அங்கே எதிரெதிரே நிறுத்தப்பட்டார்கள். மொழிப் பரிமாற்றத்துக்கு அது நல்ல தொடக்கம் அல்ல.

உயிரெழுத்துக்குள் இலக்கணம்

தமிழில் இலக்கணம் சொல்லின் வாலில் ஏறுகிறது. வேற்றுமை உருபு, பன்மை, காலம், இடம் எல்லாம் பகுதியை அடுத்து வரிசையாக வந்து ஒட்டிக்கொள்ளும். டிங்கா மொழி இதற்கு நேர்மாறானது. அதன் சொற்களில் பெரும்பாலானவை ஓரசைச் சொற்கள். ஒட்டுவதற்கு வால் இல்லாததால் இலக்கணத்தின் பெரும்பகுதி சொல்லின் உள்ளே இருக்கும் உயிரொலியில் நடக்கிறது. உயிர் நீள்வதும் குறுகுவதும், சுருதி ஏறுவதும் இறங்குவதும், குரல் தெளிவாக வருவதும் மூச்சு கலந்து வருவதும் ஒருமை பன்மையையும் யார் செய்தார் என்பதையும் காட்டிவிடும். தமிழில் குறில், நெடில் என்று உயிருக்கு இரண்டு அளவு. அளபெடை செய்யுளுக்கு உரியது. டிங்காவில் அன்றாடப் பேச்சிலேயே மூன்று அளவுகள் பொருள் வேறுபடுத்துகின்றன. உலக மொழிகளில் மிக அரிதான இந்த அமைப்பை டென்மார்க்கின் தோர்பென் ஆண்டர்சன் 1980களிலிருந்து நுட்பமாக விளக்கிவந்தார். தொல்காப்பியர் எழுத்ததிகாரத்தில் மாத்திரைக்குக் கொடுத்த கவனத்தை அறிந்தவர்களுக்கு அந்த ஆய்வுகள் பெருவிருந்து.

லுவோவில் வேறொரு அழகு. 'கொத்' என்றால் மலை, பன்மை 'கொதே'. தமிழ் எழுத்தில் வேறுபாடு தெரியாது. ஒருமையில் வல்லோசைத் தகரம், பன்மையில் அது மெல்லோசையாக மாறுகிறது, நாம் 'தத்தை', 'பந்து' என்பவற்றில் இருவேறு விதமாகத் தகரத்தை ஒலிப்பதுபோல. கல்லுக்குரிய 'கிதி' என்ற சொல்லில் இது தலைகீழ். ஒருமையில் மெல்லோசை, பன்மையில் வல்லோசை. வல்லோசை மெல்லோசையாகவும் மெல்லோசை வல்லோசையாகவும் இடம் மாறுவதே அங்கே பன்மைக் குறி. நம் காது ஒன்றாகவே எடுத்துக்கொள்ளும் இரண்டு ஒலிகளின் மேல் அவர்கள் இலக்கணத்தையே கட்டியிருக்கிறார்கள்.

பன்மை பற்றி இன்னும் ஒன்று. ஒருமை இயல்பானது, பன்மைக்குக் 'கள்' சேர்க்க வேண்டும் என்பது நம் வழி. நைலோத்திய மொழிகளில் பல பெயர்ச்சொற்களுக்குப் பன்மையே இயல்பு வடிவம். அதிலிருந்து ஒன்றைப் பிரித்துக்காட்ட விகுதி சேர்ப்பார்கள். கூட்டமாகவே காணப்படும் பொருள்களுக்கு இது பொருத்தமாக அமைகிறது. இன்னும் சில சொற்களில் ஒருமைக்கு ஒரு விகுதி, பன்மைக்கு ஒரு விகுதி. மூன்று வழியும் ஒரே மொழிக்குள் புழங்கும்.

மாசாயில் வினை முதலில் வரும். எழுவாய் அதன் பின், செயப்படுபொருள் அதற்கும் பின். துர்கானாவும் நந்தியும் அப்படியே. நாம் வினைக்காக வாக்கியத்தின் கடைசிவரை காத்திருக்கிறோம். அவர்கள் அதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைச் சொல்கிறார்கள். எழுவாயையும் செயப்படுபொருளையும் பிரித்துக் காட்ட உருபு எதுவும் கிடையாது. பெயர்ச்சொல்லின் சுருதி மாறும், அவ்வளவுதான். எழுத்தில் அதைக் குறிக்காவிட்டால் வேற்றுமையே காகிதத்தில் காணாமல் போய்விடும். மாசாய் மொழியின் அடிப்படை இலக்கணத்தை ஆர்ச்சிபால்ட் டக்கர் 1955இல் வெளியிட்டபோது, உடன் எழுதியவர் மாசாய் மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட ஜான் ம்பாயெய். அந்தச் சுருதி வேறுபாடுகளை முறையாகப் பதிவுசெய்ய அப்படி ஒரு காது தேவைப்பட்டது.

நிறத்தை வைத்துப் பிரித்த காலம்

1856இல் கால்டுவெல்லின் திராவிட ஒப்பிலக்கணம் லண்டனில் அச்சானது. பத்தாண்டு கழித்து, 1866இல், மிட்டர்ருட்ஸ்னர் என்ற பாதிரியாரின் டிங்கா இலக்கணம் ப்ரிக்சன் நகரில் ஜெர்மன் மொழியில் வெளிவந்தது. இரண்டு குடும்பங்களும் ஐரோப்பிய ஆய்வுக்குள் ஏறக்குறைய ஒரே தலைமுறையில் நுழைந்தன. ஆனால் கால்டுவெல்லுக்கு முன்னே தொல்காப்பியமும் நன்னூலும் இருந்தன. அவருக்கு முன்பே திராவிட மொழிகளை ஆராய்ந்த எல்லிஸுக்கு 1816இலேயே தென்னிந்தியப் பண்டிதர்களின் துணை இருந்தது. டிங்காவில் அப்போது எழுத்து மரபு இல்லை. அங்கே இலக்கணம் எழுத வந்தவர் எல்லாவற்றையும் காதால் கேட்டே எழுத வேண்டியிருந்தது. சுருதியும் மூச்சுக்குரலும் பழைய பதிவுகளில் விடுபட்டுப் போனதற்கு இதுவே காரணம்.

அதைவிடப் பெரிய தீங்கு வேறு திசையிலிருந்து வந்தது. 1912இல் ஜெர்மானிய அறிஞர் கார்ல் மைன்ஹோஃப் மாசாய் மொழியை 'ஹாமிய' மொழிகளோடு சேர்த்தார். ஆப்பிரிக்காவில் கண்ட உயர்ந்தவை எல்லாம் வடக்கிலிருந்து வந்த வெளுத்த ஹாமியர் கொண்டுவந்தவை என்பது அக்காலத்துக் கொள்கை. செலிக்மன் 1930இல் எழுதிய ஆப்பிரிக்க இனங்கள் பற்றிய நூல் அதைப் பாடப்புத்தகமாகவே ஆக்கியது. மாசாய், நந்தி முதலானோர் போர்க்குணம் கொண்டவர்கள், தோற்றத்தில் வேறுபட்டவர்கள் என்று முடிவுகட்டி, அவர்களை 'நைலோ-ஹாமியர்' என்று தனியே பிரித்தார்கள். மொழியின் பெயரால் நடந்தது இனப் பாகுபாடு.

இதை உடைத்தது மொழிச் சான்றுதான். 1955இல் ஓஸ்வின் கோலர் இவை எல்லாம் ஒரே நைலோத்தியக் குடும்பத்தின் மேற்கு, கிழக்கு, தெற்குக் கிளைகள் என்று வகுத்தார். ஜோசப் கிரீன்பெர்க் தன் 1963ஆம் ஆண்டு நூலில் நிறம், உயரம், மாடு வளர்ப்பு எதையும் கணக்கில் எடுக்காமல் மொழியை மட்டும் வைத்து ஆப்பிரிக்கா முழுவதையும் வகைப்படுத்தினார். நைலோத்தியம் கிழக்குச் சூடானியத்துக்குள் சென்றது. அது நைலோ-சகாரா என்ற பெருங்குடும்பத்துக்குள் சென்றது. அந்தப் பெருங்குடும்பம் முழுவதும் ஒன்றுதானா என்பதில் இன்றும் தகராறு இருக்கிறது. நைலோத்தியம் ஒரு குடும்பம் என்பதில் தகராறு இல்லை. தண்ணீருக்கு லுவோவில் 'பி', அச்சோலியில் 'பீ', டிங்காவில் 'பியு'. தீக்கு இம்மூன்றிலும் 'மாச்'. இப்படிப்பட்ட சொற்கள் நூற்றுக்கணக்கில் ஒழுங்கான ஒலி மாற்றங்களோடு பொருந்துகின்றன. 1982இல் ரைனர் ஃபோசன் கிழக்குக் கிளைக்கும் ஃபிரான்ஸ் ரோட்லாண்ட் தெற்குக் கிளைக்கும் மூல வடிவங்களை மீட்டெடுத்துக் காட்டினார்கள்.

இந்த வரலாற்றை நீட்டிச் சொல்லக் காரணம் உண்டு. நம் மேடைகளில் 'அவர்களும் கறுப்பு, நாமும் கறுப்பு' என்று சொல்லும்போது, செலிக்மன் பயன்படுத்திய அதே அளவுகோலை நாம் கையில் எடுக்கிறோம். நோக்கம் வேறு என்பதால் கருவி நல்லதாகிவிடாது.

தமிழ்ப் பக்கத்துத் தேடல்

ஆப்பிரிக்க உறவை முதலில் எழுப்பியவர்கள் தமிழர் அல்லர். அமெரிக்க அறிஞர் எட்வின் டட்டில் 1932இல் 'திராவிடமும் நூபியமும்' என்று ஒரு கட்டுரை எழுதினார். 1950களில் பிரெஞ்சு அறிஞர் லிலியாஸ் ஹோம்பர்கே ஆப்பிரிக்க மொழிகளைத் திராவிடத்தோடு இணைத்துப் பார்த்தார். 1961-62இல் அஸ்வான் அணையில் மூழ்கவிருந்த நூபியப் பகுதியைக் காக்க யுனெஸ்கோ அழைத்தபோது, பி. பி. லால் தலைமையில் இந்தியக் குழு அஃபியே என்ற இடத்தில் அகழாய்வு செய்தது. அங்கே கிடைத்த கறுப்பு-சிவப்புப் பானைகளும் ஈமச் சின்னங்களும் தென்னிந்தியப் பெருங்கற்படைச் சின்னங்களை ஒத்திருப்பதை லால் சுட்டிக்காட்டினார்.

தேடலுக்கு உயிர் கொடுத்தவர் செனகல் நாட்டு அதிபரும் கவிஞருமான லியோபோல்ட் செங்கோர். 1974இல் சென்னைக்கு வந்து கறுப்பினப் பண்பாட்டையும் திராவிடப் பண்பாட்டையும் இணைத்து உரையாற்றினார். அடிமைப்பட்டுக் கிடந்த இரண்டு பழம்பெரும் மக்கள் கைகோக்க வேண்டும் என்ற அவருடைய ஆசை மிக உயர்ந்தது. அவர் ஆசையோடு நிற்கவில்லை. டக்கார் பல்கலைக்கழகத்தில் இந்திய-ஆப்பிரிக்க ஆய்வுக்கு இடம் உருவாக்கினார். பின்னாளில் உடுப்பியில் துளு அகராதியைத் தொகுத்த உ. பி. உபாத்யாயா அங்கே சென்று, திராவிடருக்கும் ஆப்பிரிக்கருக்கும் உள்ள இன, மொழி ஒற்றுமைகளைப் பற்றி 1976இல் எழுதினார். தமிழறிஞர் க. ப. அறவாணனும் டக்காரில் பணியாற்றி, திராவிட-ஆப்பிரிக்க ஒப்பாய்வைத் தமிழ்நாட்டில் ஒரு துறையாகவே வளர்க்க முயன்றார். ஆப்பிரிக்க மண்ணில் தங்கி, அந்த மக்களோடு பழகி எழுதிய இவர்களை, நூலகத்தில் உட்கார்ந்து சொற்பட்டியல் போட்டவர்களோடு சேர்த்து எண்ணக்கூடாது. அவர்கள் முடிவுகளோடு முரண்படுகிற நானும் அவர்கள் போன பயணத்தை மதிக்கிறேன்.

சான்றுகளை இனி எடைபோடலாம். அமைப்பு ஒற்றுமை என்று டட்டில் முதலானோர் காட்டியது நூபியத்தைப் பொறுத்தவரை உண்மைதான். நூபியத்தில் வினை கடைசியில் வரும், விகுதிகள் பின்னால் ஒட்டும். ஆனால் உலக மொழிகளில் ஏறத்தாழப் பாதி அப்படித்தான். ஜப்பானியமும் துருக்கியும் அதே அச்சு. நூபியத்தின் தூரத்துச் சொந்தமான நைலோத்தியத்துக்கு வந்தாலோ, வினை முன்னே போய்விடுகிறது, இலக்கணம் உயிருக்குள் போய்விடுகிறது. இதை வைத்து உறவே இல்லை என்று அடித்துச் சொல்வதும் சரியாகாது. வெல்ஷ் மொழி வினையில் தொடங்குகிறது, இந்தி வினையில் முடிகிறது, இரண்டும் ஒரே குடும்பம். அமைப்பு உறவை நிறுவவும் போதாது, மறுக்கவும் போதாது.

நிறுவுவது ஒலி ஒழுங்கு. தமிழ்ப் 'பால்' கன்னடத்தில் 'ஹாலு', 'பல்' 'ஹல்லு', 'புலி' 'ஹுலி'. நம் 'செவி' அங்கே 'கிவி'. ஒரு சொல்லில் நேர்ந்த மாற்றம் அதே சூழலில் மற்றச் சொற்களிலும் நேர்கிறது. பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிட வேர்ச்சொல் அகராதியின் வலிமை முழுவதும் இந்த ஒழுங்கில்தான். திராவிட-ஆப்பிரிக்க ஒப்பீடுகளில் இப்படி ஓர் ஒழுங்கை எவரும் காட்டவில்லை. பெரும்பாலும் இன்றைய தமிழ்ச் சொல் ஒன்றை எடுத்து, ஏதோ ஓர் ஆப்பிரிக்க மொழியின் இன்றைய சொல்லோடு பொருத்துகிறார்கள். இந்தச் சொல்லுக்கு வொலோஃப், அடுத்த சொல்லுக்கு ஃபுலா, மூன்றாவதற்கு நூபியம் என்று நூற்றுக்கணக்கான மொழிகளில் கை விட்டுத் துழாவினால், ஒலி ஒத்த சொற்கள் கிடைக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். அம்மா, அப்பா போன்ற சொற்கள் குழந்தை வாயின் முதல் ஒலிகளால் அமைந்தவை. அவை எங்கும் ஒத்திருக்கும். ஒப்பிட வேண்டியது மூலத் திராவிட வடிவத்தை மூல நைலோத்திய வடிவத்தோடு. பத்ரிராஜு கிருஷ்ணமூர்த்தி 2003இல் திராவிட மொழிகளைப் பற்றி எழுதிய பெருநூலும், திராவிடத்துக்கு வெளி உறவு எதுவும் நிறுவப்படவில்லை என்ற நிலையில்தான் நிற்கிறது. அது ஆப்பிரிக்காவுக்கு மட்டும் சொன்னதல்ல. யூரல், ஈலம் என்று எல்லா முயற்சிகளுக்கும் பொருந்தும்.

குமரிக்கண்டத்தின் வழியாக இந்த உறவை விளக்குபவர்களும் உண்டு. இந்தியத் தட்டு ஆப்பிரிக்காவிலிருந்து பிரிந்தது டைனோசர் காலத்தில். நம் மனித இனத்துக்கு வயது ஏறத்தாழ மூன்று லட்சம் ஆண்டுகள். இடையே உள்ள காலத்தை எந்த மொழியாலும் தாண்ட முடியாது. அஃபியே பானைகளும் அப்படியே: நூபியச் சின்னங்கள் பெரும்பாலும் கி.மு. இரண்டாம் ஆயிரத்தாண்டோடு முடிகின்றன, நம் பெருங்கற்படைச் சின்னங்களில் பெரும்பகுதி பிந்தியது, இடையில் தொடர்ச்சி இல்லை. பானை கறுப்பு-சிவப்பாக வருவது சூளையில் அதைக் கவிழ்த்து வைக்கும் முறையால். இருவர் தனித்தனியே கண்டுபிடிக்கக்கூடிய நுட்பம் அது.

உண்மையில் வந்தவை

ஆப்பிரிக்காவுக்கும் நமக்கும் பழங்காலத் தொடர்பே இல்லையா? இருந்தது, அது நம் அடுப்பங்கரையில் இருக்கிறது. சோளம் கிழக்குச் சூடானில் பயிராக்கப்பட்டது. கசாலா அருகே கிடைத்த, கி.மு. நான்காம் ஆயிரத்தாண்டைச் சேர்ந்த பானையோடுகளில் பதிந்த சோள அடையாளங்கள் 2017இல் வெளியிடப்பட்டன. கேழ்வரகு கிழக்கு ஆப்பிரிக்க மேட்டு நிலத்தது. கம்பு மேற்கு ஆப்பிரிக்காவிலிருந்து புறப்பட்டது. மூன்றும் நான்காயிரம் ஆண்டுகளுக்கு முன்னும் பின்னுமாகக் கடல் கடந்து இந்தியாவில் கால் ஊன்றின. டிங்காக்களும் நுவேர்களும் இன்றும் உண்ணும் அதே சோளத்தை நம் புன்செய்க் காடுகள் விளைவித்தன. விதை வந்தது, விதைத்தவர் பேச்சு கூடவே வந்து தங்கவில்லை. கைமாறிக் கைமாறி வரும் பொருளுக்கு மொழி துணை போக வேண்டியதில்லை.

எதிர்த்திசையிலும் பயணம் நடந்தது. எகிப்தின் செங்கடல் துறைகளான பெரெனிகே, குசெய்ர் அல்-காதிம் இரண்டிலும் தமிழ்ப் பிராமி எழுத்துப் பொறித்த பானையோடுகள் கிடைத்துள்ளன. பெரெனிகேயில் இந்தியச் சாடி ஒன்றில் சுமார் ஏழரைக் கிலோ மிளகு அப்படியே இருந்தது. அந்தத் துறைகளிலிருந்து ஒட்டகப் பாதை நைல் கரையின் கோப்தோஸ் நகருக்குப் போகும். நம்மவர் நைல் நீரைப் பார்த்திருப்பார்கள். ஆனால் நைலோத்தியர் நாடு அங்கிருந்து ஆயிரத்து ஐந்நூறு கிலோமீட்டருக்கும் மேல் தெற்கே, அருவிகளுக்கும் பாலைக்கும் அப்பால்.

மாட்டைப் பற்றிச் சொல்லாமல் நைலோத்தியரைப் பேச முடியாது. டிங்கா இளைஞனுக்குப் பருவம் வந்ததும் ஒரு காளை கொடுக்கப்படும்; அதன் நிறமே அவன் பெயராகும், அதைப் பாடுவதே அவன் கவிதையாகும். மபியோர் என்றால் வெள்ளைக் காளை, மலுவால் செந்நிறக் காளை, மஜோக் கறுப்பும் வெள்ளையும் கலந்தது. ஜான் கராங்கின் முழுப்பெயர் ஜான் கராங் தெ மபியோர். 1940இல் வெளிவந்த எவான்ஸ்-பிரிச்சர்டின் 'நுவேர்' நூல் மாட்டுநிறச் சொற்களுக்கே பக்கங்களை ஒதுக்குகிறது. கொங்கு நாட்டில் மயிலை, செவலை, காரி, பிள்ளை என்கிறோம். கலித்தொகையின் முல்லைப் பகுதி ஏறுகளை நிறம் நிறமாகப் பிரித்துக் காட்டுகிறது. எங்கள் பக்கத்து உம்பளச்சேரிக் கன்று சிவந்து பிறந்து, ஆறு மாதத்தில் சாம்பல் நிறமாகும். நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருந்தால்தான் அது உம்பளச்சேரி என்று ஒத்துக்கொள்வோம். இந்த ஒற்றுமை பொய்யல்ல. மாட்டோடு உயிர்வாழ்ந்த எவரும் மாட்டை இவ்வளவு உற்றுப் பார்த்தார்கள் என்பதற்கு அது சாட்சி. அதைக் குருதி உறவுக்குச் சாட்சியாக இழுத்தால் இரண்டு மக்களின் கண்கூர்மையும் மறைந்துபோகும்.

தண்ணீர்

நைலோத்திய மொழிகளை இன்று யாரெல்லாம் பேசுகிறார்கள், பேச முடியாமல் போகிறார்கள் என்பதை ஆறுதான் பெரிதும் முடிவு செய்கிறது. வெள்ளை நைல் தெற்கு சூடானில் சுத் என்ற பெருஞ்சதுப்பாக விரிகிறது. மழைக்காலத்தில் டிங்காக்களும் நுவேர்களும் மேட்டு ஊர்களில் தங்குவார்கள். வெள்ளம் வடிந்ததும் 'தொயிச்' எனப்படும் ஆற்றோரப் புல்வெளிக்கு மாடுகளோடு இறங்குவார்கள். அவர்களுடைய பாட்டும் கதையும் வழக்காடலும் இந்த ஏற்ற இறக்கத்தோடு பிணைந்தவை.

1959இல் எகிப்தும் சூடானும் செய்துகொண்ட நைல் ஒப்பந்தம் எகிப்துக்கு 5,550 கோடி கனமீட்டரும் சூடானுக்கு 1,850 கோடி கனமீட்டரும் ஒதுக்கியது. நம் கணக்கில் எகிப்தின் பங்கு சுமார் 1,960 டி.எம்.சி. உச்சநீதிமன்றம் 2018இல் காவிரியில் தமிழ்நாட்டுக்குக் கொடுத்த 404.25 டி.எம்.சி.யோடு வைத்துப் பார்த்தால் அளவு புரியும். நமக்காவது நடுவர் மன்றத்திலும் நீதிமன்றத்திலும் வாதாட இடம் இருந்தது. அந்த ஒப்பந்தத்தில் நைலோத்தியர் பெயரே இல்லை. சதுப்பில் 'வீணாகும்' நீரை வடக்கே கொண்டுபோக 1978இல் ஜொங்லெய் கால்வாய் வெட்டத் தொடங்கினார்கள். 360 கிலோமீட்டரில் மூன்றில் இரண்டு பங்கு வெட்டிய நிலையில் 1984இல் விடுதலைப் படையின் தாக்குதலால் வேலை நின்றது. அந்தப் படையை நடத்திய ஜான் கராங், மூன்று ஆண்டுகளுக்கு முன்புதான் அமெரிக்காவின் அயோவா மாநிலப் பல்கலைக்கழகத்தில் இதே ஜொங்லெய்ப் பகுதியின் வளர்ச்சி பற்றி முனைவர் பட்ட ஆய்வேட்டை முடித்திருந்தார். மாடுகள் மேய்ச்சலுக்குக் கடக்கும் பாதைகளின் குறுக்கே அந்தப் பள்ளம் இன்றும் கிடக்கிறது. மேட்டூர் திறக்கும் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் நமக்கு இந்தக் கதையை யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

தெற்கு சூடான் 2011 ஜூலை 9 அன்று விடுதலை பெற்றது. நாட்டின் எல்லா மண்ணின் மொழிகளும் தேசிய மொழிகள் என்று அதன் அரசியல் சட்டம் சொல்கிறது. ஆட்சி மொழி ஆங்கிலம் மட்டுமே. 1928இல் ரெஜாஃப் ஊரில் கூடிய காலனிய மாநாடு டிங்கா, நுவேர், சில்லுக், பாரி, லொதுகோ உட்பட ஒன்பது மொழிகளைப் பள்ளிகளுக்கென்று தேர்ந்தெடுத்தது; எழுத்துமுறைகள் அதிலிருந்து வளர்ந்தன. நூறாண்டு நெருங்கியும் அந்தத் தொடக்கம் உயர்கல்விவரை வரவில்லை. 2013 டிசம்பரில் உள்நாட்டுப் போர் மூண்டு, டிங்காவும் நுவேரும் ஒருவரையொருவர் கொன்றார்கள். அக்கோபோவில் தஞ்சம் புகுந்தவர்களைக் காக்க நின்ற ஐ.நா. அமைதிப்படையின் இந்திய வீரர்கள் அங்கேயே உயிர்விட்டார்கள். மிக நெருங்கிய உறவு மொழிகள் அவை இரண்டும். மொழி உறவு ஒன்றாலேயே மனிதர்கள் உறவாகிவிடுவார்கள் என்ற நம்பிக்கையை இதன் முன்னே வைத்துப் பார்க்க வேண்டும்.

நைலோத்தியர் தங்களைப் பற்றித் தாங்களே எழுதியவை ஏராளம். அச்சோலிக் கவிஞர் ஒகோத் பிபிதெக் 'லவினோவின் பாட்டு' என்ற தன் நெடுங்கவிதையைத் தாய்மொழியில் எழுதி, ஆங்கில வடிவத்தை 1966இல் வெளியிட்டார். மேலைநாட்டு மோகத்தில் தன்னைத் தள்ளிவைக்கும் கணவனிடம் ஒரு கிராமத்துப் பெண் பேசுவதாக அமைந்தது அது. வரலாற்றறிஞர் பெத்வெல் ஒகோத் 1967இல் தென் லுவோ வரலாற்றை வாய்மொழி மரபுகளை வைத்தே எழுதி, எழுத்தில்லாதவருக்கு வரலாறில்லை என்ற பேச்சை முறியடித்தார். ஃபிரான்சிஸ் மாடிங் தெங் 1973இல் டிங்காப் பாடல்களைத் தொகுத்தார். ஆப்பிரிக்க உறவு பற்றித் தமிழில் பேசும்போது இவர்கள் பெயர் காதில் விழுவது அரிது.

திராவிட-ஆப்பிரிக்க ஆய்வை மறுபடி எடுக்க விரும்பும் மாணவர் ஒருவர் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்திலோ வேறெங்கோ இருப்பாரானால், அவர் முதலில் லுவோவையோ டிங்காவையோ பேசக் கற்றுக்கொள்ளட்டும். சுருதியைக் காதால் பிடிக்க ஓராண்டாவது ஆகும். பிறகு ரோட்லாண்டின் மூலத் தென்நைலோத்தியத்தையும் ஃபோசனின் மூலக் கிழக்கு நைலோத்தியத்தையும் பர்ரோ-எமனோவின் வேர்களோடு ஒரே மேசையில் வைக்கட்டும். உறவு கிடைக்காமல் போகவே வாய்ப்பு அதிகம். அப்போதும் அவர் கையில் ஒரு நைலோத்திய மொழியின் முதல் தமிழ்வழி இலக்கணம் இருக்கும், அதைப் படிக்க இங்கே ஆள் இருக்கும்.